பச்சை மலையில் பசுமை வாழ்வு

சபரகமுவ மாகாணத்தினுள் முதன்முதற் கால்வைப்போர் வியப்பது அதன் பசுமையையே. களு கங்கையின் கரையோரமாக இரத்தினபுரிக்குச் செல்லினும், அவிசாவளையைக் கடந்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் ஏறினும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையும் றப்பருமாகவே காட்சியளிக்கும். இத்தகைய மலைகளிற் பிறந்து வளர்ந்த நமக்குப் “பசுமை வாழ்வு” பற்றி எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை என்று பெரியோர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்போமாயின் விஷயம் அத்துணை இலகுவானதன்று எனப் புலனாகும்.

நாம் காணும் இப்பசுமை காட்டை அழித்து உண்டாக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் பெருநிலப் பரப்புகளை அரசாங்கத்தின் கைக்கு மாற்றியது. அவற்றை வாங்கிய வெள்ளைத் துரைமார் காட்டை வெட்டி வீழ்த்தித் தீயிட்டுக் கோப்பி பயிரிட்டனர். வெட்டியவருள்ளும் எரித்தவருள்ளும் பலர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய வறண்ட சீமைகளிலிருந்து நடந்தே வந்த நம் முன்னோர். 1869இற் கோப்பி இலையிற் கண்ட துரு நோய் சுமார் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே துடைத்தெறிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை அவ்விடத்தை நிரப்பிற்று. 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து றப்பர் நாற்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த றப்பர் மோகத்திற் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்ந்த குன்றுகளும் மொட்டையடிக்கப்பட்டன.

களையெடுப்பு என்ற பெயரிற் “சுரண்டி” கொண்டு மண்ணையே சுரண்டிய காலம் அது. புல்லொன்றும் தலைகாட்டாத மலையே நல்ல மலையெனத் துரைமார் மெச்சினர். மேல்மண் மழையோடு ஆற்றிற் கலந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேதான் வந்தது. இவ்வளவு பிந்தி வந்த சட்டம் எத்தனை மலைகளைக் காத்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

இனி நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். சுமார் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட லயக் காம்பராவில் உறக்கமும் சமையலும் ஒன்றாகவே நடந்தன. தேயிலைத் தோட்டத்திற் கவ்வாத்து மிலாறும், றப்பர்த் தோட்டத்திற் பழைய மலையில் வீழ்த்திய மரமும் நமக்கு விறகாயின. பயிரிலிருந்து கழிந்ததை எரித்தோமேயன்றிக் காட்டை வெட்டவில்லை என்று பெருமை கொள்ளலாம். ஆயின் அப்பெருமைக்கு விலை கொடுத்தவை நம் தாய்மாரின் கண்களும் நெஞ்சும் அல்லவா? கூரைத் தகரத்தின் கீழ்ப் படிந்திருக்கும் கரியைப் பார்த்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1980களில் “அனகி” என்னும் இருவாய் மண்ணடுப்பு நாட்டிற் பரப்பப்பட்டது. விறகை மிச்சம் பிடிக்கும், புகையும் குறைவு, குயவர் தொழிலுக்கும் ஆதரவு. எனினும் பெரிய றப்பர்க் கட்டையைச் சிறு விறகாகப் பிளந்தாலன்றி அதன் வாய் ஏற்காது. அதிகாலையிற் பெரட்டுக்கு ஓட வேண்டிய தாய்க்கு விறகு பிளக்க நேரம் எங்கே? ஆதலின் பல வீடுகளில் மூன்று கல் அடுப்பே நிலைத்தது. பின்னர்ச் சமையல் வாயு வந்தது. வசதி கண்டவர் அதற்கு மாறினர். 2022இன் நெருக்கடியில் வாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற்போகப் பட்டணத்தார் விறகு தேடி அலைந்தனர். தோட்டத்தார் பழைய அடுப்பை ஊதி மூட்டினர். அதற்குள் விறகும் முன்போல் எளிதாகக் கிடைக்கவில்லை. றப்பர் மரம் தளபாடத்துக்கும் பலகைக்கும் விலைபோகும் பொருளாகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையும் அதையே கேட்கின்றது. ஒரு கிலோ தேயிலையை உலர்த்தி எடுக்க ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகு வேண்டும். இப்போட்டியிற் காம்பரா அடுப்பு கடைசி வரிசையில் நிற்கின்றது.

அடுத்தது உரம். இங்கேதான் பசுமை என்னும் சொல் நமது சோற்றுக் கோப்பையைத் தொட்டது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்தது. நெடுங்காலப் போராட்டத்தின் பலன் அது. சுமார் இரண்டு மாதத்தில், மே 6ஆம் திகதி, இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் இயற்கை வேளாண்மைக்கு மாறவேண்டும் என்பது அரசாங்கத்தின் கட்டளை. நோக்கத்தை எவரும் பழிக்கவில்லை. கணக்கைத்தான் எவரும் பார்க்கவில்லை.

கணக்கு இதுதான். ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் இருபத்துமூன்று கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அவ்வளவைப் பெறுவதற்கு ஒன்றரைத் தொன் வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒன்றரைத் தொன்! அதைச் செய்வதற்கு வேண்டிய சாணமும் தழையும் எங்கே? செங்குத்தான மலையில் அதைச் சுமந்து ஏறுவோர் யார்? சீமைக்கிளுவையை அரசாங்கம் 2005இலேயே நான்காவது பெருந்தோட்டப் பயிரெனப் பிரகடனம் செய்திருந்தது. காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும் நல்ல மரம் அது. மலைதோறும் அதை நட்டுத் தழையை வெட்டி இட்டிருந்தால் ஓரளவு தாங்கியிருக்கலாம். மரம் வளரச் சில ஆண்டுகளாவது வேண்டும். கட்டளையோ ஒரே இரவிற் பிறந்தது.

விளைவை யாவரும் அறிவர். அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆயினும் 2021இற் சுமார் 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இற் சுமார் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. இரசாயன உரத்தின் விலை ஏறியதும் நாணயம் வீழ்ந்ததும் அதற்குத் துணைபோயின. செடியிற் கொழுந்து குறைந்தால் தராசில் நிறை குறையும். நிறை குறைந்தால் கைக்கு வரும் காசு குறையும். இரத்தினபுரி மாவட்டத்தின் சிறு தேயிலைத் தோட்டக்காரரான சிங்கள விவசாயிகளும் நம்மோடு சேர்ந்தே அடிபட்டனர் என்பதையும் மறத்தலாகாது. முன்னர் 2015இற் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டு, 2018இற் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்ட கதையும் இதுபோன்றதே. மருந்து நின்றதும் களை வளர்ந்தது. அட்டையும் பாம்பும் நிறைந்த புல்லுக்குள் இறங்கிக் கொழுந்தெடுத்தவர் பெண்கள்.

பொலித்தீன் விஷயம் நம் கையிலேயே உள்ளது என எண்ணுவோம். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதி முதல் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் தடைசெய்யப்பட்டது. நம் பாட்டனார் காலத்தில் வாழையிலையும் கமுகம்பாளையும் இருந்தன. றப்பர்ப் பால் ஏந்தியது தேங்காய்ச் சிரட்டை. கொழுந்து சுமந்தது பிரம்புக் கூடை. இன்று கூடையின் இடத்தில் நைலோன் பை. மழை மிகுந்த நம் மாகாணத்தில் றப்பர் மரத்துக்கு மரம் பொலித்தீன் மழைக்கவசம் கட்டினாலன்றிப் பல நாட்களிற் பால் வெட்டவே இயலாது. பால் வெட்டாத நாளிற் கூலி ஏது? அக்கவசத்தை அவிழ்த்தெறியுமாறு நான் எவருக்கும் புத்தி சொல்லத் துணியேன். சிவனொளிபாத மலைக்குப் பலாபத்தலை வழியாகச் செல்லும் இளைஞர் பிஸ்கற் உறையைத் திரும்பக் கொண்டுவருதல் வேறு விஷயம். அதற்கு எந்தச் சாக்கும் இல்லை. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வாழையிலை வெட்டுவதும் அவ்வாறே.

சேர்ந்த குப்பையை எங்கே கொட்டுவது? இதிற் பலர் அறியாத சட்டச் சிக்கலொன்று இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபையின் நிதியைத் தாராளமாகச் செலவிட இடமளிக்கவில்லை. வாக்கு மட்டும் தோட்டத்திலிருந்து போகும். குப்பை வண்டி தோட்டத்துக்கு வாராது. 2018இலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே லயத்தின் பின்புறத்துக் கானிற் பிளாத்திக்குப் போத்தல் மிதப்பதைக் கண்டு மூக்கைப் பொத்துவோர், முப்பது ஆண்டுகளாக அந்தக் கானுக்கு வேறு கதி இல்லாதிருந்ததையும் நினைத்தல் நன்று.

எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது நிலம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இற் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. எஜமானர் மாறினரேயன்றிக் காம்பராவுக்கு முன்னுள்ள நாலடி மண் நமதாகவில்லை. கூட்டெருக் குழி தோண்டுவதற்கும் பலா நடுவதற்கும் அனுமதி கேட்கவேண்டியவனிடம் பசுமை வாழ்வைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. 2015இன் பின்னர்ச் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. ஏழு பேர்ச் என்பது ஏக்கரில் இருபத்துமூன்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி போக, மலசலகூடக் குழியும் நடைபாதையும் போக, மிஞ்சுவது சிறு துண்டு. அத்துண்டிலே கறிவேப்பிலையும் வாழையும் முருங்கையும் நிற்கின்றன. மூலையிற் சருகும் சாம்பலும் சாணமும் சேர்ந்த குழி இருக்கின்றது. எவரும் வகுப்பெடுத்து அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதே தோட்டத்தின் கீழ்க்கணக்கில், அதே உறவினர், லயத்திலே வாழ்கின்றனர். அங்கு வாழை நின்ற இடம் கம்பனியின் மலை என்று சொல்லிச் சென்ற வருடம் வெட்டப்பட்டது.