பேக்கப் பத்திரமா இருக்கு, ஊர்தான் காணோம்: ஆக்ஸலாட்டலின் கதை

இன்னைக்கு நம்ம ஹீரோவை உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். மைன்கிராஃப்டில் பக்கெட் வெச்சுப் பிடிச்சிருப்பீங்க. மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் இருக்கார். பேரு ஆக்ஸலாட்டல். பார்க்க மீனும் பல்லியும் கலந்த மாதிரி இருக்கும், ஆனா தவளை மாதிரி இருவாழ்வி, சாலமாண்டர் வகை. மத்த சாலமாண்டர்கள் பெரும்பாலும் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிடும். இது செவுளோடயே வயசாகி, தண்ணியிலேயே வாழ்ந்து முடிச்சுடும்.

உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இது ஏராளமா இருக்கு. ஆனா இயற்கையா மிச்சமிருக்கிற ஒரே இடம், மெக்சிகோ சிட்டியின் தெற்கே இருக்கிற சோச்சிமில்கோ கால்வாய்கள். அங்கே 1998-ல் எண்ணியபோது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-ல் வெறும் 36! அழியும் அபாயம் மிக அதிகமுள்ள உயிரினம்னு ஐயுசிஎன் பட்டியல் சொல்லுது.

எப்படி இந்த நிலைமை வந்தது? 500 வருஷம் பின்னாடி போவோம்.

இன்றைய மெக்சிகோ சிட்டி இருக்கும் பள்ளத்தாக்கில் அன்று ஐந்து ஏரிகள் இருந்தன. நடுவில் ஒரு தீவில் அஸ்டெக் மக்களின் தலைநகரம் டெனோச்டிட்லான். தெற்கே சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளில் நன்னீர். அங்கே ஆழமில்லாத இடங்களில் சேற்றையும் செடிகொடிகளையும் குவித்து, நீண்ட பாத்திகளாக்கி விவசாயம் செய்தார்கள். அதுதான் சினாம்பா. பாத்திகளுக்கு இடையே ஓடிய குறுகிய கால்வாய்கள் ஆக்ஸலாட்டலுக்கும் வீடாகின. விவசாயி கால்வாய்ச் சேற்றை அள்ளி உரமாகப் போட்டார், கால்வாயும் தூர்ந்து போகாமல் இருந்தது. அதாவது, காப்பாத்தணும்னு யாரும் திட்டம் போடலை. ஆனா தினசரி வேலையே பராமரிப்பா இருந்துச்சு.

1521-ல் நகரம் ஸ்பானியர்கள் கைக்குப் போனது. ஏரி அவர்களுக்கு வெள்ள ஆபத்தாகத்தான் தெரிந்தது. 1607 வெள்ளத்துக்குப் பிறகு, வடக்கே மலையைக் குடைந்து தண்ணீரை வெளியேற்றும் வேலை தொடங்கியது. 1900-ல் பெரிய வடிகால் கால்வாய் திறக்கப்பட்டது. சோச்சிமில்கோ ஊற்றுகளின் தண்ணீர் குழாய் வழியாக நகரத்துக்குப் போனது. பிறகு சுத்திகரித்த கழிவுநீர் சோச்சிமில்கோவுக்குத் திரும்பி வந்தது. மீன் உற்பத்திக்காக விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் ஆக்ஸலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன.

இதற்கிடையில் 1864-ல் 34 ஆக்ஸலாட்டல்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு அகஸ்டே டுமெரில் என்ற விலங்கியலாளரிடம் வந்தன. அடுத்த ஆண்டே குட்டிகள். அந்தச் சந்ததிதான் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குப் பரவியது. வெட்டுப்பட்ட காலை மறுபடி வளர்க்கிற விலங்கை எந்த விஞ்ஞானி விடுவார்? 2018-ல் இதன் மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தார்கள். மனிதனுடையதைப் போல பத்து மடங்கு பெரிது.

"அப்போ பேக்கப் இருக்கே, என்ன கவலை?"ன்னு என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்கள் கேட்கலாம். ஆனா அது முழு பேக்கப் இல்லை. ஒரு சில விலங்குகளில் இருந்து பெருகியதால் மரபணு வகைகள் குறைவு. அமெரிக்க ஆய்வுக்கூட இனத்தில் 1962-ல் டைகர் சாலமாண்டரும் கலக்கப்பட்டது. அதைவிட முக்கியமா, டேட்டா பத்திரமா இருந்தாலும் ஓட சர்வர் வேணும் இல்லையா? இங்கே சர்வர்னா அந்தக் கால்வாய்.

அதனால்தான் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோ குழு சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்தது. கால்வாய் வாயில் தடுப்பு வைத்தால் மீன் உள்ளே வராது, நீரும் வடிகட்டப்படும். பதிலுக்கு விவசாயி ரசாயனம் தெளிக்கக் கூடாது. தொட்டியில் வளர்ந்த 18 ஆக்ஸலாட்டல்களைச் சீரமைத்த நீர்நிலைகளில் விட்டு, ரேடியோ கருவியால் பின்தொடர்ந்தார்கள். கண்காணித்த காலம் முழுக்க எல்லாமே பிழைத்தன. திரும்பப் பிடித்தவை எடையும் கூடியிருந்தன. 2025-ல் வெளியான முடிவு இது.

ஆக, தொட்டியில் பிறந்தாலும் இரை தேடத் தெரியுது. சிக்கல் வேற இடத்தில்: பல சினாம்பாக்கள் இன்னைக்கு கைவிடப்பட்டோ, ஃபுட்பால் மைதானமாகவோ கிடக்கு. அங்கே விளையும் கீரைக்கு நல்ல விலை கிடைச்சா விவசாயி நிப்பார், சேற்றை அள்ளுவார். அவர் நின்னாத்தான் ஆக்ஸலாட்டலுக்கு ஊர்னு ஒண்ணு இருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!