தலைமன்னாரில் தொடங்கும் பண்டாரவளை

பண்டாரவளைக்கு வர்ற பயணிகள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்: ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், அப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிசம் பங்களா. எல்லாமே வெள்ளைக்காரன் காலத்து அழகுகள். ஆனா இந்த ஊர்களின் கதை மலையில் தொடங்கவில்லை, கடற்கரையில் தொடங்குகிறது.

காலனி ஆண்ட பல நாடுகளில் இதே கணக்குதான். கப்பல் நிற்க ஒரு துறைமுகம், மேட்டு நிலத்தில் ஒரு நகரம், நடுவில் ஒரு பாதை. மெக்சிகோவில் வெராகுரூஸ் துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் இடைப்பட்ட வழியில்தான் ஸ்பானியர் 1531இல் பூவெப்லா நகரத்தை அமைத்தார்கள்.

நமக்கு அந்தக் கரை மன்னார். அங்கே போர்த்துக்கேயர் 1560இல் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். அரிப்பில் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகை இன்றைக்கு இடிந்த சுவராக நிற்கிறது. இதே மன்னார்க் கரையில்தான் கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்கள் தோணியில் இறங்கினார்கள். காட்டு வழியே மாத்தளை வரை நடை. பசி, கொலரா, காய்ச்சல். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

ரயில் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. வரவழைத்த பாதையே பிறகு அனுப்பி வைக்கும் பாதையானது. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னது. அதே வருசம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழிக்க, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. லயத்தில் பிறந்து வளர்ந்தவங்க, சொந்தக்காரங்களைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு ரயிலேறி, பார்த்தே இராத "சொந்த ஊருக்கு"ப் போனார்கள்.

2023இல், மலையகத்துக்கு 200 வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடந்தார்கள். அந்தப் பாதையைச் சுற்றுலாப் புத்தகங்களில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த லீவுக்குக் காலி, எல்ல என்று போவதற்குப் பதிலா ஒருதரம் மன்னாருக்குப் போய்ப் பாருங்க. கோட்டையைப் பார்த்த கையோடு இறங்குதுறைப் பக்கமும் நடங்க. கிளம்பும் முன்னே வீட்டில் அப்பாயி, அம்மாயி இருந்தால் ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம ஆளுக எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, எந்தக் கரையில இறங்கினாங்க?" பதில் தெரிஞ்சவங்க இப்ப ரொம்பக் கொஞ்சப் பேர்தான்.