புளிப்பும் உப்பும்: உயிரணுவின் சிதைவை அளந்த வரலாறு

டத்தோ கிராமாட் சாலைக்கு அருகில் வாழ்ந்த என் தமக்கையாரிடமிருந்து முதலில் நீங்கிய சொல் 'கரண்டி'. சமையலறையில் நின்றுகொண்டு, "தம்பி, அந்தக் கிண்டுறத எடு" என்றார். சில திங்களில் சாவி 'தொறக்குறது' ஆயிற்று. மூக்குக்கண்ணாடி 'போட்டுப் படிக்கிறது' ஆயிற்று. பெயர்ச்சொல் மறைந்த இடத்தில் வினையிலிருந்து ஒரு பெயரை அவரே ஆக்கிக்கொண்டார். தமிழ் இலக்கணம் அவருக்குக் கைகொடுத்ததை மொழியியலாளனாகிய நான் வியந்து, குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். அது அல்சைமர் நோய் என்று மருத்துவர் கூறியது ஈராண்டுகளுக்குப் பின்னர். இந்நோயில் மூளையின் மாற்றங்கள் தொடங்கிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே சொல் தடுமாறும் என்பதையும் அதன் பின்னரே படித்தறிந்தேன். தொடக்கம் என்று நான் குறித்துவைத்தது நெடுந்தொலைவு கடந்துவிட்ட ஒன்றை.

சொல் தடுமாறுவதற்கு முன் உயிரணுவுக்குள் நிகழ்வதை எதைக்கொண்டு அறிவது? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இவ்வுரை கூறுகிறது.

1906ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தாம் கவனித்துவந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்டவற்றை டியூபிங்கன் நகரில் அறிவித்தார். வெள்ளி உப்பால் சாயமேற்றிய மூளைத் துண்டுகளில் படிவுகளும் முடிச்சுகளும் தெரிந்தன. ஆயினும் அவற்றைக் காண அப்பெண்மணி இறக்க வேண்டியிருந்தது. நரம்புச் சிதைவு நோய்களை ஆராய்ந்தோர் நெடுங்காலம் முடிந்துபோன கதையின் கடைசிப் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தனர்.

1955இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் டி டியூவ், உயிரணுவுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் சிறு பைகளுக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். தளர்த்துதல், உடல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. (இதற்குத் தமிழாக்கம் தேடி மாணவர்களை அலைக்கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, பெயரை அப்படியே ஏற்று, செயலைத் தமிழில் விளக்கினால் போதும்.) இப்பையின் உட்புறம் அமிலம் மிக்கது. அந்தப் புளிப்பில்தான் அதன் நொதிகள் தேய்ந்த புரதங்களையும் கொழுப்புகளையும் கரைக்கின்றன. தோலின் உயிரணு பிரிந்து பெருகும்போது கழிவும் பங்கிடப்பட்டுக் குறையும். நரம்பணுவோ பிரிவதில்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் அதே அணு உழைக்க வேண்டும். குப்பை தேங்கினால் அதற்கு வேறு வழியில்லை. லைசோசோமின் ஒரு நொதி குன்றுவதால் வருவது கோஷே நோய். அதே மரபணுவின் பிழையைச் சுமப்போருக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாடுகளின் ஆய்வர்கள் 2009இல் இணைந்து உறுதிசெய்தனர்.

அந்தப் பைக்குள் அளக்கும் கருவி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்! 1972 முதல் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகளைக் கண்டுவரும் பினாங்கு மக்களுக்கு நுண்கருவி புதிதன்று. ஆனால் நான் சொல்லவரும் உணரியில் சிலிக்கான் இல்லை. அது டிஎன்ஏ இழைகளால் பின்னப்பட்டது. அவ்விழையின் அகலம் 2 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் இரு பங்கு. டிஎன்ஏவைக் கட்டுமானப் பொருளாகக் கருதலாம் என்று 1982இல் முதலில் எழுதியவர் அமெரிக்கரான நாட்ரியன் சீமன். 1993இல் பிரான்சில் வேறோர் உண்மை வெளிப்பட்டது: சைட்டோசின் என்னும் எழுத்து மிகுந்த இழை, அமிலம் பட்டால் தன்மேல் தானே மடிந்துகொள்கிறது.

இம்மடிப்பைக் கருவியாக்கியவர் யமுனா கிருஷ்ணன். கேரளத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு கேம்பிரிட்ஜில் அவர் ஆய்வு செய்தது சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கூடத்தில். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவருடைய குழு 2009இல் வெளியிட்ட உணரி இவ்வாறு இயங்கியது: இழையின் இரு முனைகளில் இரு சாயங்கள். அமிலம் குறைந்த இடத்தில் முனைகள் விலகியிருக்கும். பச்சை ஒளி மிகும். அமிலம் மிகுந்தால் இழை மடிந்து முனைகள் நெருங்கும். பச்சைச் சாயம் தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்துவிட, சிவப்பு மிகும். இரண்டின் விகிதமே புளிப்பின் அளவு. உயிருள்ள உயிரணுவுக்குள் ஒரு டிஎன்ஏ பொறி இவ்வாறு வேலை செய்தது. 2011இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் உடலுக்குள்ளும் அது செயற்பட்டது.

ஆயினும் புளிப்பை அளந்தது போதவில்லை. 2014இல் சிக்காகோ பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்த யமுனாவின் குழு, 2015இல் வெளியிட்ட குளோரைடு உணரியை நோயுற்ற லைசோசோம்களுக்குள் செலுத்தியது. நாம் உண்ணும் உப்பின் ஒரு பாதியே குளோரைடு. 2017இல் வெளியான முடிவு எதிர்பாராதது. உயிரணுவின் உறுப்புகளுள் குளோரைடு மிகுந்திருப்பது லைசோசோமில்தான். நோயின் மரபணுப் பிழை கொண்ட புழுக்களில் புளிப்பு பெரிதும் மாறாதிருந்தபோதும் உப்பு கண்கூடாகக் குறைந்திருந்தது. சிதைக்கும் நொதிகளுள் சில குளோரைடு குன்றினால் செயலிழக்கின்றன. பையிலிருந்து கால்சியம் வெளியேறுவதும் தடைப்படுகிறது. புளிப்பை மட்டும் அளந்தவர் அந்த உயிரணுவை நலமுடையது என்றே எழுதியிருப்பார். குறிப்பேட்டில் கரண்டியைப் பற்றி எழுதியவனுக்கு இந்த இடம் மனத்தை உறுத்தாமல் இல்லை.

2019இல் இரு முடிவுகள் வந்தன. ஒரே லைசோசோமில் புளிப்பையும் உப்பையும் ஒருங்கே அளக்கும் உணரியைக் கொண்டு, நீமன்-பிக் நோயாளர்களின் தோல் உயிரணுக்களை ஆராய்ந்தனர். நலமுடையோரிடம் காணப்படும் ஒருவகை லைசோசோம் கூட்டம் அவர்களிடம் இல்லை. மருந்திட்டபோது அது மீண்டும் தோன்றியது. மற்றோர் உணரி கால்சியத்தை அளந்தது. பார்க்கின்சனோடு தொடர்புடைய ஏடிபி13ஏ2 என்னும் மரபணு, லைசோசோமுக்குள் கால்சியம் சேர்வதற்கு உதவுகிறது என்பது அதனால் தெரியவந்தது. அல்சைமர் போன்ற நோய்களை முன்னரே கண்டறிவதற்கு இம்முறையைக் கொண்டுசெல்ல எஸ்யா லேப்ஸ் என்ற நிறுவனத்தையும் யமுனா தொடங்கியுள்ளார். நான் இங்கு விவரித்த அளவைகளோ புழுவிலும், ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களிலும் எடுக்கப்பட்டவை.