வைஃபை போர்டு வாங்கப் போறீங்களா? ஈஎஸ்பி32, பைக்கோ டபிள்யூ... எது சரியா வரும்?

மொட்டை மாடி டேங்க்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே உட்கார்ந்தபடியே மொபைலில் பார்க்கணும். வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் பழகுபவர்களுக்கு ஏற்ற ப்ராஜெக்ட் இது. இதற்கு வைஃபை வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று தேவை. ஆனால் ஆன்லைனில் தேடினால், கிட்டத்தட்ட ஒரே பெயரில் பத்து போர்டுகள் வந்து நிற்கும். எதை வாங்குவது?

முதல் போர்டு எது?

சாதாரண ஈஎஸ்பி32 போதும். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-ல் கொண்டு வந்த சிப் இது. இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், 520 கிலோபைட் ரேம், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் இதிலேயே இருக்கு. விலையும் சில நூறு ரூபாய்தான். 2014-ல் வந்த ஈஎஸ்பி8266-ல் ப்ளூடூத் கிடையாது, அனலாக் பின்னும் ஒன்றுதான். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்க, புதுசா வாங்க வேண்டியதில்லை.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்2 என்று இருந்தால் அதில் ப்ளூடூத்தே இல்லை. சி3 ஒரே கோர் கொண்ட சின்ன போர்டு, சென்சார் வேலைக்குத் தாராளம். கேமரா, டிஸ்ப்ளே என்றால் எஸ்3. ஜிக்பீ, த்ரெட் வேண்டுமென்றால் சி6. ஆனால் சி3, எஸ்3, சி6 மூன்றிலும் குறைந்த மின்சக்தி ப்ளூடூத் மட்டும்தான். மொபைலில் ப்ளூடூத் சீரியல் ஆப் வைத்து கார் ஓட்டும் பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தால், இவற்றில் ஓடாது.

பைத்தானில் எழுத ஆசையா? 2022-ல் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ டபிள்யூ நல்ல தேர்வு, அதன் வழிகாட்டிக் குறிப்புகள் ரொம்பத் தெளிவு. ஆர்டுயினோ யூனோ ஆர்4 வைஃபை விலை அதிகம். ஆனால் 5 வோல்ட்டில் இயங்குவதால் பழைய சென்சார்களை அப்படியே மாட்டலாம்.

அந்த 5 வோல்ட் ஏன் முக்கியம்?

ஈஎஸ்பி32, பைக்கோ இரண்டின் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. தண்ணீர் மட்டம் அளக்க வாங்கும் விலை குறைந்த அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின், 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். நேராக இணைத்தால் போர்டு வீணாகிவிடலாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தால் சுமார் 3.3 வோல்ட்டாகக் குறையும். செலவு சில ரூபாய்தான்.

இன்னொரு சிக்கல், மேஜையில் அளவு சரியாகக் காட்டும், வைஃபை ஆன் செய்ததும் தடுமாறும். ஈஎஸ்பி32-ல் ஏடிசி2 எனப்படும் அனலாக் பின்களை, வைஃபை ஓடும்போது நம்ப முடியாது. அனலாக் சென்சாரை 32, 33, 34, 35 ஆகிய பின்களில் மாட்டுங்க.

மாடி வரை சிக்னல் எட்டுமா?

இங்கே சொன்ன எல்லா போர்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். உங்க ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் இணையாது. கான்கிரீட் தளம் தாண்ட வேண்டுமென்றால், வ்ரூம்-32யூ என யூ-வில் முடியும் மாடலைப் பாருங்க. அதில் வெளி ஆன்டெனா மாட்டலாம். இரும்புப் பெட்டிக்குள் மட்டும் போர்டை வைக்காதீங்க.

பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தூங்கும் நிலையில் சில மைக்ரோ ஆம்பியர் என்பது சிப்பின் கணக்கு. போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி மட்டுமே அதைவிடப் பல மடங்கு குடிக்கும்.

மோட்டாரையும் ஆன், ஆஃப் செய்யலாமா?

10 ஆம்பியர் என்று எழுதிய சின்ன ரிலேயில் தண்ணீர் மோட்டாரை நேராக மாட்டாதீங்க. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரன்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. நடுவில் கான்டாக்டர் வேணும். 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்க.

போர்டு வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கவே இல்லையா? திருப்பி அனுப்பும் முன் கேபிளை மாற்றிப் பாருங்க. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது.