காத்திருப்புப் பட்டியலும் மேலாளர்களின் ஊக்கத்தொகையும்

பொது மருத்துவ சேவைகளின் உயர்நிலை மேலாளர்களுக்குச் செயல்திறன் அடிப்படையில் ஊக்கத்தொகை வழங்குவது சரியா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம்.

அங்குள்ள முன்னாள் படையினருக்கான அரசு மருத்துவமனையில் நோயாளி 14 நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. மேலாளர்களின் மதிப்பீடும், அதையொட்டிய ஊக்கத்தொகையும் இந்தக் காத்திருப்புக் கணக்கையும் சார்ந்திருந்தன. கணக்கைத் தயாரித்ததோ அதே மருத்துவமனைதான்.

2014 மே மாதம் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 226 பேரின் ஆவணங்களை ஆராய்ந்தது. முதல் சந்திப்புக்கு அவர்கள் சராசரியாக 24 நாட்கள் காத்திருந்ததாக மருத்துவமனை கூறியிருந்தது. உண்மையில் 115 நாட்கள். மேலும் சுமார் 1,700 பேரின் பெயர்கள் அதிகாரபூர்வ பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாதவர் காத்திருப்பவராகவும் கணக்கில் வரமாட்டார் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

மே 30ஆம் தேதி துறையின் அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அன்றைய தினமே, மருத்துவப் பிரிவின் உயரதிகாரிகளுக்கு அந்த ஆண்டு ஊக்கத்தொகை கிடையாது என்றும், காத்திருப்புக் காலம் இனி அவர்களது மதிப்பீட்டு அளவுகோலாக இராது என்றும் அவர் அறிவித்திருந்தார்.

இலக்கு நிர்ணயிப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவு செய்வது அவசரப்படுவதாகும். போதிய மருத்துவர்கள் இல்லாத இடத்தில் இலக்கை எட்டும் வழி மேலாளர்களிடம் இருக்கவில்லை; பட்டியலைத் திருத்தும் வழி இருந்தது.