முன்ஷிக்கு யார் வாத்தியார்?

திருவண்ணாமலையில் கிரிவலம் கிளம்புகிறவர்கள் அடி அண்ணாமலை வந்து சேரும்போது ஏறக்குறையப் பாதி வழியைக் கடந்திருப்பார்கள். கால்கள் கெஞ்ச ஆரம்பிக்கும் இடம் அது. அங்கே ஒரு டீக்கடைப் பெஞ்சியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்கும் இரண்டு ஆட்டோக்காரர்களுக்கும் சாயங்கால வேளையில் இங்கிலீஷ் கற்றுக் கொடுக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருவரும் அங்கே இருந்தார். இதற்கென்றே பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவராம். எத்தனை நாள் படிப்பு என்று விசாரித்தேன். நான்கு வாரம் என்றார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நாலே வாரமா? எங்க பொண்ணு வாத்தியார் ஆவறதுக்கு ரெண்டு வருஷம் பி.எட். படிச்சுதும்மா!"

"அது குழந்தைங்களுக்கு. இது உங்களுக்கு" என்றார் அந்த அம்மாள், அரைகுறைத் தமிழில்.

அந்தப் படிப்புக்கு 'செல்ட்டா' என்று பெயர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கொடுக்கும் சான்றிதழ். மொத்தம் 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம், வயது வந்த நிஜ மாணாக்கர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பரிசோதகர் ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கொண்டிருப்பார். வாத்தியார் தேவைக்கு மேல் பேசினால் குறை சொல்வார்! வாத்தியார் வாய் மூடினால் தலைமை ஆசிரியர் வந்து எட்டிப் பார்க்கும் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

இதன் பூர்வோத்தரம் ரொம்பப் பழையது அல்ல. ஜான் ஹேகிராஃப்ட் என்பவரும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953-இல் ஸ்பெயின் தேசத்துக் கார்டோபா நகரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்று வைத்தார்கள். 1959-இல் லண்டனிலும் ஒன்று. இங்கிலீஷ்காரனாகப் பிறந்துவிட்டால் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கலாம் என்று பலரும் நம்பிக் கொண்டிருந்த காலம். பிறந்தால் மட்டும் போதாது என்று கண்டு, 1962-இல் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றை அவர்கள் ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து, கை மாறி, 1996-இல் செல்ட்டா என்று பெயர் பெற்றது.

ஆனால், கற்றுக் கொடுக்கிறவனை முதலில் தயார் செய்ய வேண்டும் என்ற ஞானம் லண்டனில்தான் உதித்தது என்று எண்ணிவிடாதீர்கள். நம் சென்னைப் பட்டணத்தில் அது 1812-லேயே உதித்துவிட்டது. என்ன, அங்கே மாணாக்கர் வெள்ளைக்காரர்; வாத்தியார் நம்மவர்.

கம்பெனி உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்த இளம் துரைகளுக்கு நம் பாஷைகளைக் கற்பிக்கச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதற்கு மூளையாக இருந்தவர் எல்லிஸ் துரை. எல்லீசன் என்று தமிழில் பெயர் வைத்துக் கொண்டாரே, அவரேதான். முன்ஷிகளிடம் இலக்கணமும் செய்யுளும் நிறைய இருந்தன. துரைக்கு வேண்டியதோ, கச்சேரியில் குடியானவன் கைகட்டி நின்று சொல்லும் முறையீட்டைப் புரிந்து கொள்வது. ஆகவே, முன்ஷி ஆக விரும்பியவர்களையும் அந்தக் கல்லூரியிலேயே மாணாக்கர்களாகச் சேர்த்துத் தலைமைப் புலவர்களிடம் பயில வைத்தார்கள். பாஷைப் பரீட்சையில் தேறிய துரைக்குப் பரிசுப் பணம் உண்டு. தேற வைத்த முன்ஷியின் பெயரைத்தான் இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே தமிழ்ப் புலவராயிருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் வசனமாக்கினார், 1826-இல் அச்சேறியது. வளர்ந்த மனிதனுக்குப் பாஷை கற்பிக்கச் செய்யுள் உதவாது, வசனம் வேண்டும் என்ற அவசரம் அந்தக் கல்லூரியில் இருந்தது. கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்கள் அந்த அவசரத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-இலேயே எழுதியதும் இந்தக் கல்லூரிக் காரியத்தினிடையேதான். கால்டுவெல்லின் புத்தகம் வந்தது 1856-இல்.

1854-இல் கல்லூரி மூடப்பட்டது. முன்ஷிகள் மட்டும் ஓயவில்லை. 1911-இல் வேலூருக்குப் போலீஸ் உத்தியோகஸ்தராக வந்த ஹம்ஃப்ரீஸ் என்னும் வாலிபருக்குத் தெலுங்கு கற்பிக்க நரசிம்மய்யா என்ற முன்ஷி அமர்ந்தார். பாடம் ஆரம்பித்த ஓரிரு நாளிலேயே மாணாக்கர், "இந்தப் பக்கத்தில் மகாத்மாக்கள் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டாராம். முன்ஷி முதலில் மழுப்பினார். பிறகு மழுப்ப முடியவில்லை. அவ்வருஷமே சீடப்பிள்ளை திருவண்ணாமலை மலையேறி, விரூபாக்ஷ குகையில் ரமணர் முன்னால் போய் உட்கார்ந்தார். வெகு நேரம் வரை ஒருவரும் பேசவில்லை. செல்ட்டாப் பரிசோதகர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்!

குழந்தை, வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொல்லும். வளர்ந்தவன் தனக்கு வேண்டியதைக் கையோடு கொண்டு வந்துவிடுகிறான்.

டீயைக் குடித்து முடித்துக் கடைக்காரரிடம் கேட்டேன்: "அம்மா முதல் முதலாக என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?"

"அவங்க எதையோ சொல்ல வந்தாங்க. நான்தான், 'அதெல்லாம் அப்புறம்மா, சில்லறை இல்லேன்னு கோபம் வராத மாதிரி எப்படிச் சொல்றது, அதைச் சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிட்டேன்."

நான் நீட்டிய நூறு ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு, அதை இங்கிலீஷிலேயே சொன்னார்.