வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன்: போர்க்காலப் பணி

நீலகண்ட கிருஷ்ணன் (8 ஜூன் 1919 – 30 ஜனவரி 1982) நாகர்கோவிலில் பிறந்த இந்தியக் கடற்படைத் தளபதி. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். வங்காள விரிகுடாவில் நடந்த கடற்போர் முழுவதும் அவர் பொறுப்பில் நடந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது எடுத்த புகைப்படத்தில், ஒப்பமிடும் மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் நிற்பவர் இவர்தான். அந்தப் படத்தைப் பார்த்திராத இந்தியர் குறைவு. அதில் ஒரு தமிழர் நிற்கிறார் என்று அறிந்தவர் அதனினும் குறைவு.

முதல் போர்

இரண்டாம் உலகப்போரில் அவர் ராயல் இந்தியக் கடற்படையின் இளம் அதிகாரி. 1941-ல் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குள் படை நடத்தியபோது பாரசீக வளைகுடாவில் பணியாற்றினார். அங்கே காட்டிய துணிவுக்காக டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் விருது பெற்றார். விடுதலைக்குப் பின் பதவிகளில் உயர்ந்து, 1963-64-ல் ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டனாக இருந்தார். பிற்காலத்தில் அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு இந்தக் கப்பலைப் பற்றியது. அதன் பலமும் பலவீனமும் தெரிந்தவரிடமே அந்த முடிவு வந்து சேர்ந்தது.

நொண்டிக் கப்பலும் ஒரு முடிவும்

1965 போரில் விக்ராந்த் பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்தது. நாட்டின் ஒரே விமானந்தாங்கி போருக்குப் போகாதது கடற்படைக்குள் ஆறாத வடுவாக இருந்தது. 1971-லும் நிலைமை அதே பக்கம்தான் சாய்ந்தது. கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது, ஏறத்தாழ 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வேகத்தில்தான் செல்லும். விமானம் மேலெழ, கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து ஓட வேண்டும். காற்றில்லாத நாளில் ஆலிஸே விமானங்களை ஏவுவதே சந்தேகம். மேற்குக் கடலில், பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளுக்கு நடுவே, அப்படிப்பட்ட கப்பலை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

கிழக்குக்கு அதை அனுப்பலாம் என்று வாதாடியவர்களில் கிருஷ்ணன் முன்னணியில் இருந்தார். கிழக்குப் பாகிஸ்தானில் எதிரியின் விமான வலிமை குறைவு. சிட்டகாங், காக்ஸ் பஜார், குல்னா ஆகியவற்றை மூடிவிட்டால் பாகிஸ்தான் படைக்குக் கடல்வழி உதவியும் இல்லை, தப்பும் வழியும் இல்லை. கடற்படைத் தலைவர் அட்மிரல் எஸ்.எம். நந்தா இசைந்தார். 1971 நவம்பர் 1-ல் கிழக்குக் கப்பற்படை ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மாவின் கீழ் உருவானது. பாகிஸ்தான் நீர்மூழ்கி காசி மூழ்கிய கதையையே கிருஷ்ணனின் சாதனையாகச் சொல்வது வழக்கம். உண்மையில், பழுதான கப்பலைத் துறைமுகத்தில் கட்டிவைக்காமல் கடலுக்கு அனுப்பச் சொன்னதே அவருடைய முதன்மையான சாதனை.

காசியைத் திசை திருப்பியது

விக்ராந்தைத் தேடி எதிரி வருவான் என்பது தெளிவு. பாகிஸ்தானிடம் இருந்த நீர்மூழ்கிகளில் வங்காள விரிகுடா வரை வந்து போகும் தொலைவாற்றல் கொண்டது பி.என்.எஸ். காசி ஒன்றே. அமெரிக்காவிடமிருந்து பெற்ற அந்தப் பழைய கப்பல் நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து புறப்பட்டது. நீர்மூழ்கிகளில் பயன்படும் ஒருவகை மசகு எண்ணெய் பற்றிச் சிட்டகாங்குக்கு அனுப்பிய பாகிஸ்தானியச் செய்தி ஒன்று இந்தியர் கையில் சிக்கியது. காசி வங்காள விரிகுடாவில் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்று கிருஷ்ணன் ஊகித்தார்.

அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். அது விசாகப்பட்டினத்துக்கு அருகே இருப்பதாக எதிரியை நம்பவைக்கப் பழைய நாசகாரிக் கப்பலான ராஜ்புட்டை நடிக்கவிட்டார். அது கடலில் நின்று, பெரிய கப்பல் அனுப்புவதுபோல் அடுக்கடுக்காகக் கம்பியில்லாச் செய்திகளை அனுப்பியது. விசாகப்பட்டினத்துக் கடைக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்டு வாங்க ஏற்பாடானது. சரக்கு விவரம் ஒற்றர் காதுக்குப் போகட்டும் என்பதே நோக்கம். விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயைப் பற்றி விசாரிப்பதுபோல் ஒரு தந்தியும் மறைகுறியின்றி அனுப்பப்பட்டது. போருக்குப் பின் கிருஷ்ணனே இவற்றை எழுதினார். 1980-ல் வெளிவந்த அவருடைய 'நோ வே பட் சரண்டர்' என்ற ஆங்கில நூல் அந்த நாட்களுக்கு முதன்மைச் சான்று.

காசி நவம்பர் பிற்பகுதியில் சென்னைக் கடலில் விக்ராந்தைத் தேடியது. விக்ராந்தோ சில நாட்களுக்கு முன்பே அங்கிருந்து போய்விட்டது. பிறகு விசாகப்பட்டினத்தை நோக்கித் திரும்பி, டிசம்பர் 3-4 நள்ளிரவில் துறைமுக முகப்புக்கு அருகே வெடித்து மூழ்கியது. 90-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே இரவு துறைமுகத்திலிருந்து வெளியேறிய ராஜ்புட் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. அவைதாம் காசியை அழித்தன என்பது இந்தியக் கடற்படையின் நிலைப்பாடு. உள்ளே நேர்ந்த வெடிப்போ காசி தானே விதைத்த கண்ணிவெடியோ காரணம் என்கிறது பாகிஸ்தான். எது உண்மையானாலும், காசியைத் தவறான இடத்துக்கு வரவழைத்தது கிருஷ்ணனின் திட்டம்.

முற்றுகை

டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. இரவில் ஆலிஸே விமானங்கள் தொடர்ந்தன. ஓடுதளங்களும் கப்பல்களும் எண்ணெய்க் கிடங்குகளும் சேதமாயின. துறைமுகங்கள் செயலிழந்தன. குறைகளும் நேர்ந்தன: காக்ஸ் பஜாரில் படையை இறக்கும் முயற்சியில் ஆழம் தவறாகக் கணிக்கப்பட்டு வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தனர். குல்னா அருகே டிசம்பர் 10-ல் வங்காள விடுதலை வீரர்கள் இயக்கிய பத்மா, பலாஷ் என்னும் பீரங்கிப் படகுகளை இந்திய விமானங்களே தவறிக் குண்டு வீசி அழித்தன. பலாஷின் ருஹுல் அமீன் அங்கே உயிர்நீத்தார். வங்காளதேசத்தின் உயரிய வீரவிருதான வீர் சிரேஷ்டோவைப் பெற்ற எழுவரில் அவரும் ஒருவர்.

டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதிக் கடற்படைத் தளபதி ரியர் அட்மிரல் முகமது ஷெரீஃப் தன் கைத்துப்பாக்கியைக் கிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். போர்ப் பணிக்காகக் கிருஷ்ணனுக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டது.

இப்போதைய நிலை

காசியின் சிதைவுகள் விசாகப்பட்டினக் கடலடியில் கிடக்கின்றன. காசியைப் போன்ற நீர்மூழ்கிகளை எதிர்கொள்ள, திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளி லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் கட்டும் தளத்தில் கரையோர நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் 'அர்நாலா' 2022 டிசம்பர் 20-ல் நீரில் இறங்கியது. 2025 ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில், கிருஷ்ணன் தலைமை வகித்த அதே கட்டளையகத்தில், அது கடற்படைப் பணியில் சேர்ந்தது.